மூன்று நாட்டுச் சேறு

எம்ஸ் ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கரை ஜெர்மனி, மறு கரை நெதர்லாந்து. நடுவே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இரண்டு நாடுகளும் இன்றுவரை உடன்படவில்லை. கழிமுகம் முழுவதும், எதிர்க்கரையின் ஓரம் வரை, தன்னுடையது என்கிறது ஜெர்மனி. ஆழமான நீரோட்டப் பாதையின் நடுவில்தான் எல்லை என்கிறது நெதர்லாந்து. 1960இல் இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி, தீர்க்க முடியாத இந்தச் சிக்கலைத் தீர்க்காமலே விட்டுவிடுவது என்று முடிவு செய்தன. எல்லை எதுவானாலும் ஆகட்டும், கப்பல் போக்குவரத்தையும் நீர்வழிப் பராமரிப்பையும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டன. கடல் எல்லை என்றதுமே போர்க்கப்பலும் கைதும் நினைவுக்கு வரும் நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

இந்தக் கழிமுகம் வாடன் கடலின் ஒரு சிறு துண்டு. நெதர்லாந்தின் டென் ஹெல்டர் தொடங்கி, ஜெர்மனியின் வட கடல் கரை முழுவதையும் கடந்து, டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்துக்குச் சற்று வடக்கு வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு நீள்கிறது இந்தக் கடல். கடல் என்று சொன்னாலும் பாதி நேரம் அது கடல் அல்ல. நாளுக்கு இரண்டு முறை நீர் வற்றி, அடிவானம் வரை ஈரச் சேறும் மணலும் வெளியே தெரியும். வழிகாட்டியை வைத்துக்கொண்டு கரையிலிருந்து தீவுக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. நேரம் தப்பினால் ஏற்றத்தில் சிக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சேற்றில் என்ன இருக்கிறது? மேல் தோலில், கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசிகள். நீர் வற்றும்போது நேரடியாக வெயில் காய்ந்து, நீர் ஏறும்போது ஆறுகள் கொண்டுவரும் சத்தை உறிஞ்சி, அவை வெகு வேகமாகப் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன மட்டிகளும் நத்தைகளும் புழுக்களும். மட்டியையும் புழுவையும் தின்ன மீன் குஞ்சுகளும் பறவைகளும். வட கடலின் தட்டைமீன்களில் பெரும்பகுதி இளமையை இங்கேதான் கழிக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் வந்து போகின்றன.

ஆனாலும் நெடுங்காலம் இந்தச் சேற்றை யாரும் சொத்தாக நினைக்கவில்லை. நிலமாக மாறக் காத்திருக்கும் கடலாகத்தான் நினைத்தார்கள். அணை போடுவதும் நீரை வடிப்பதும் பயிர் வைப்பதும் அந்த மக்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். 1932இல் நெதர்லாந்து 32 கிலோமீட்டர் நீள அணை ஒன்றைக் கட்டி, ஸௌடர் ஸே என்ற உள்கடலையே வாடன் கடலிலிருந்து துண்டித்து ஏரியாக்கிவிட்டது. 1960களில் தீவுகளையும் கரையையும் அணைகளால் இணைக்கும் திட்டங்கள் வந்தபோது எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் ஒரு பதினாறு வயது மாணவர். அவர் நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து 1965இல் பிறந்ததுதான் வாடன் சங்கம். இந்தச் சங்கம் பின்னால் மீண்டும் வருகிறது.

விஞ்ஞானிகள் மூன்று நாட்டு அரசுகளிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்: இது ஒரே உயிர்த்தொகுதி, மூன்றாக வெட்டி நிர்வகிக்க முடியாது. 1978இல் ஹேக் நகரில் மூன்று நாட்டு அமைச்சர்களின் முதல் மாநாடு நடந்தது. 1982இல் கோபன்ஹேகனில் கூட்டுப் பிரகடனம். 1987இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பொதுச் செயலகம். அந்தப் பிரகடனம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. மீறினால் நீதிமன்றம் போக முடியாது. நல்லெண்ணத் தீர்மானங்கள் பெரும்பாலும் அலமாரியில் தூங்கப் போகும். இதுவும் தூங்கியிருக்கக்கூடும். எழுப்பிவிட்டது ஒரு வைரஸ்.

1988 ஏப்ரலில், டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள ஆன்ஹோல்ட் தீவில் கடல்நாய்கள் குறைப்பிரசவமாகக் குட்டி போடத் தொடங்கின. பிறகு வளர்ந்தவையும் செத்தன. சில வாரங்களில் மரணம் வட கடலுக்கு வந்தது. அந்தக் கோடை முழுவதும் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் கரையொதுங்கிய பிணங்கள். கடல் முழுக்க விஷமாகிவிட்டது என்று மக்கள் நம்பினார்கள், நம்பக் காரணமும் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லி ரைன் ஆற்றில் கலந்து, ஆறே சிவந்து ஓடியிருந்தது. அதே 1986இல் டச்சு உயிரியலாளர் பேட்டர் ரெய்ண்டர்ஸ் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரு குழுக் கடல்நாய்களுக்கு வாடன் கடல் மீனும், இன்னொரு குழுவுக்கு அட்லாண்டிக் மீனும் கொடுத்து வளர்த்தார். வாடன் கடல் மீன் தின்றவற்றில் கருத்தரிப்பு வெகுவாகக் குறைந்தது. குற்றவாளி, ரைன் ஆறு கொண்டுவந்து சேர்த்த பி.சி.பி. என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள். ஆல்ப்ஸ் மலையடியில் கொட்டியதற்கான விலையைக் கடற்கரையில் ஒரு தாய்க் கடல்நாய் கொடுத்துக்கொண்டிருந்தது.

கொள்ளைநோய்க்கு மட்டும் காரணம் வேறு. அது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸின் நெருங்கிய உறவான, அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் என்று அந்த ஆண்டே கண்டுபிடித்தார்கள். வடமேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ 18,000 கடல்நாய்கள் மடிந்தன. வாடன் கடலில் பாதிக்கு மேல் போய்விட்டன.

அடுத்து நடந்ததுதான் இந்த அத்தியாயத்துக்குக் காரணம். 1990 அக்டோபரில் மூன்று நாடுகளும் பான் நகரில் கடல்நாய்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. வலசை உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கையின் கீழ் பிறந்த முதல் ஒப்பந்தம் இது. (நம் பாக் நீரிணையில் மேயும் ஆவுளியாவுக்காக 2007இல் உருவான புரிந்துணர்வுக் குறிப்பும் இதே குடும்பம்தான், இந்தியாவும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல.) வேட்டைத் தடை, மாசுக் கட்டுப்பாடு, வாழிடப் பாதுகாப்பு என்று ஒப்பந்தத்தில் பலவும் உண்டு. வேட்டையை மூன்று நாடுகளும் 1962க்கும் 1977க்கும் இடையே தனித்தனியாகவே நிறுத்திவிட்டிருந்தன. என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தின் உயிர் வேறொரு சாதாரணமான கடமையில் இருக்கிறது: சேர்ந்து எண்ணுவது.

கடல்நாய்க்குக் கடவுச்சீட்டு கிடையாது. திங்கட்கிழமை டச்சு மணல்திட்டில் படுத்திருந்தது வியாழக்கிழமை ஜெர்மன் திட்டில் இருக்கும். ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியான நாளில் எண்ணினால் ஒன்றையே இரண்டு முறை எண்ணுவோம், அல்லது எண்ணாமலே விடுவோம். அதைவிட மோசம், எண்ணிக்கை குறைந்தால் 'பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கும்' என்று எல்லாரும் சொல்லிவிடலாம். அதனால் ஜூனில் குட்டி போடும் காலத்திலும், ஆகஸ்டில் பழைய மயிர் உதிர்க்க அவை கரையேறிக் கிடக்கும் காலத்திலும், நீர் வற்றிய வேளையில், மூன்று நாட்டுச் சிறு விமானங்களும் ஒருங்கிணைந்து பறந்து எண்ணுகின்றன. எந்த நேரத்திலும் ஒரு பகுதி நீருக்குள் இருக்கும் என்பதால் கிடைப்பது முழு எண் அல்ல. ஆனால் குறைபாடு மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. அதனால் ஆண்டோடு ஆண்டை ஒப்பிட முடிகிறது.

2002இல் அதே ஆன்ஹோல்ட் தீவிலிருந்து அதே வைரஸ் மறுபடி கிளம்பி, ஏறத்தாழ பாதியை வாரிக்கொண்டு போனது. இந்த முறை பீதி குறைவு. முந்தைய சாவுக்குப் பிறகு எவ்வளவு வேகத்தில் எண்ணிக்கை மீண்டது என்ற வரைகோடு கையில் இருந்தது, மறுபடி மீளும் என்றார்கள், மீண்டது. 1970களின் நடுவில் நான்காயிரம் அளவுக்கு வீழ்ந்திருந்த கூட்டம், 2020 ஆகஸ்டில் 28,000ஐத் தாண்டியது. பிறகு சரிவு: 2023இல் 23,000க்கும் கீழே. இந்தமுறை கொள்ளைநோய் இல்லை, வேட்டை இல்லை. உணவுப் போட்டியா, பல நூற்றாண்டுக்குப் பின் பிரிட்டன் பக்கமிருந்து திரும்பிவந்து குடியேறியிருக்கும் சாம்பல்நிறக் கடல்நாய்களா, கடலுக்குள் கட்டும் காற்றாலைகளா என்று விவாதம் நடக்கிறது. மூன்று நாட்டு மொத்தக் கணக்கே குறைந்திருப்பதால், பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

எண்ணுவதில் இவ்வளவு ஒற்றுமை காட்டுகிறவர்கள், ஒரு குட்டியைத் தூக்குவதா வேண்டாமா என்பதில் பல ஆண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். தாயைப் பிரிந்த குட்டி கரையில் அலறுவதைக் கேட்டால் கல்லும் கரையும். நெதர்லாந்தில் பீட்டர்பூரன் என்ற சிற்றூரில் 1971இல் தொடங்கிய மீட்பு மையம் உலகப் புகழ் பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் காசு போட்டார்கள். ஜெர்மனியிலும் மையங்கள் உண்டு. டென்மார்க்கிலோ மீட்டு வளர்க்கும் வழக்கமே இல்லை. பிழைக்காது என்று தெரிந்தால் அதிகாரி வந்து துன்பத்தை முடித்துவைப்பார். டேனியர்களுக்கு மனம் கல் என்று டச்சு மக்கள் நினைத்திருக்கலாம். ஆனால் கணக்கு டேனியர் பக்கம் நின்றது: மீட்பு இல்லாத டென்மார்க்கிலும் கூட்டம் மீண்டு வளர்ந்தது. பலவீனமான குட்டிகளை மருந்து கொடுத்துக் காப்பாற்றிக் கடலில் விடும்போது நோயையும் நோயெதிர்ப்பில்லாத மரபையும் சேர்த்தே விடுகிறோமோ என்ற கேள்வியும் இருந்தது. மீட்பை இயன்றவரை குறைப்பது என்பது மூன்று நாட்டுப் பொதுக் கொள்கை. நெதர்லாந்து அதை நடைமுறையில் நெருங்க 2020 வரை ஆனது. அறிவியல் சொல்வதைத் தாமதமாக ஏற்றுக்கொண்டதற்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குட்டியின் குரல் அப்படி.

மட்டிச் சண்டையில் இந்த மென்மை எதுவும் கிடையாது. நெதர்லாந்துப் பகுதியில் இயந்திரப் படகுகள் நீரைப் பீய்ச்சிச் சேற்றின் மேலடுக்கைக் கலக்கி, மட்டிகளை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தன. பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டே, ஏற்றவற்றத் திட்டுகளில் முக்கால் பங்கு இந்தத் தொழிலுக்குத் திறந்திருந்தது. 1990 வாக்கில் சிப்பிப் படுகைகள் ஏறத்தாழ துடைத்தெடுக்கப்பட்டன. 1999-2000 குளிர்காலத்தில் சிப்பியையும் மட்டியையும் நம்பியிருக்கும் ஈடர் வாத்துகள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தன.

இங்கே இன்னொரு பறவையை அறிமுகப்படுத்த வேண்டும்: நாட் உள்ளான். கைக்குள் அடங்கும் உருவம், 120 கிராம் எடை. சேற்றில் அலகைக் குத்தினால், ஈர மணலின் அழுத்த வேறுபாட்டை அலகு நுனியின் உணர்விகள் படித்து, தொடாமலே 'இங்கே கெட்டியாக ஏதோ புதைந்திருக்கிறது' என்று சொல்லிவிடும். கிடைத்த மட்டியை ஓட்டோடு விழுங்கும். ஓட்டை நொறுக்குவது அரைவைப்பை. கோழிக்கடையில் சில ஊர்களில் 'மாங்காய்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதே உறுப்பு. தடித்த ஓடு தின்ன நேர்ந்தால் சில நாட்களில் இந்த உறுப்பு பெருக்கும்; நெடும்பயணத்துக்கு முன் சுமை குறையச் சிறுக்கும். மட்டிப் படகுகள் உழுத இடங்களில் சதைப்பற்றுக் குறைந்த மட்டிகளே மிஞ்சின. அதே சத்துக்கு முன்பைவிட அதிக ஓடு நொறுக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் டெக்ஸல் தீவு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யான் வான் கில்ஸ், தேனிஸ் பியர்ஸ்மா குழுவினர் உயிருள்ள பறவைகளின் அரைவைப்பையை அல்ட்ராசவுண்ட் மூலம் அளந்து, கால்வளையமிட்டு விட்டார்கள். சிறிய அரைவைப்பை கொண்ட பறவைகள் அதன்பின் அதிகம் கண்ணில் படவில்லை. 2006இல் அந்த ஆய்வு வெளியானது.

சட்டம் அதற்குள் முந்திக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பையனின் கடிதத்தில் பிறந்த வாடன் சங்கமும் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் மட்டி உரிமங்களை எதிர்த்து வழக்குப் போட்டன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2004 செப்டம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு தொழிலுக்கு அனுமதி கொடுக்க வேண்டுமானால், அதனால் கேடு இல்லை என்பதில் நியாயமான அறிவியல் ஐயம் எதுவும் மிஞ்சக்கூடாது. கேட்க எளிய வாக்கியம், விளைவு பெரிது. அதுவரை 'கேடு என்று நிரூபி' என்று சூழலியலாளரைக் கேட்டார்கள். இனி 'கேடில்லை என்று நிரூபி' என்று தொழில் நடத்துகிறவரைக் கேட்க வேண்டும். 2005 முதல் இயந்திர மட்டிப் பிடிப்பு நின்றது. படகுக்காரர்களுக்கு அரசு பெரும் இழப்பீடு கொடுத்தது. அந்த அரசியல் பேரத்தின் மறுபக்கமாக, வாடன் கடலடியில் எரிவாயு எடுக்க வழி திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்ஸ் கழிமுகத்துக்கு வெளியே, இரு நாட்டுக் கடலடியிலும் பரவிக் கிடக்கும் ஒரு வயலிலிருந்து 2025இல் எரிவாயு வரத் தொடங்கியது. உலகப் பாரம்பரியத் தகுதியும் எரிவாயுவும் ஒத்துப்போகாது என்று யுனெஸ்கோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

சேர்ந்து செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 1998 அக்டோபரில் மரம் ஏற்றிய பல்லாஸ் என்ற கப்பல் டென்மார்க் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. மாலுமிகளைக் கப்பலிலிருந்து வெளியேற்றியாகிவிட்டது, ஆனால் எரியும் கப்பல் ஆளில்லாமல் மிதந்து ஜெர்மன் கடலுக்குள் நுழைந்தது. இழுவைக் கயிறுகள் அறுந்தன. யார் பொறுப்பு என்பது தெளிவதற்குள் அது அம்ரும் தீவருகே தரைதட்டியது. கசிந்த எண்ணெய் பெரிய அளவல்ல. செத்த பறவைகள் ஏறத்தாழ 16,000. விபத்துகளைக் கையாள ஒரே கட்டளை மையத்தை ஜெர்மனி குக்ஸ்ஹாஃபனில் அமைத்தது அதன் பிறகுதான்.

நாட் உள்ளானுக்குத் திரும்புவோம். 2009இல் நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளும் 2014இல் டேனியப் பகுதியும் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அந்தத் தகுதியோடு ஒரு பொறுப்பும் வந்தது: இங்கே வரும் பறவைகளின் பாதை முழுவதையும் கவனியுங்கள். நாட் உள்ளானின் ஒரு கிளையினம் சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் முட்டையிடுகிறது. அங்கிருந்து வாடன் கடலில் இறங்கிக் கொழுத்து, மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிடானியாவுக்குப் பறக்கிறது. இதில் மூன்று நாடுகளின் கையில் இருப்பது நடு நிறுத்தம் மட்டுமே.

தைமிரில் பனி முன்பைவிடச் சீக்கிரம் உருகுகிறது. பூச்சிகள் பெருகும் நாட்கள் முன்னே நகர்ந்துவிட, குஞ்சு பொரிக்கும்போது உச்சம் கடந்திருக்கிறது. அரைவயிற்றில் வளரும் குஞ்சுகளுக்கு உடலும் அலகும் சிறுக்கின்றன. இதன் தண்டனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மொரிடானியாவில் கிடைக்கிறது. அங்கே சத்தான மட்டி ஆழத்தில் புதைந்திருக்கும்; குட்டை அலகுக்கு எட்டாது. எட்டாதவை கடல்தாழையின் கிழங்குபோன்ற தண்டுகளைத் தின்று ஒப்பேற்றப் பார்க்கின்றன; அவற்றில் பிழைப்பவை குறைவு என்று 2016இல் அதே டச்சுக் குழு காட்டியது. வாடன் கடலில் எந்த உரிமத்தை ரத்து செய்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. 2022க்குப் பிறகு மேற்கத்திய ஆய்வாளர்கள் தைமிருக்குப் போவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் அப்படியே காலி.

மொரிடானியா முனையில் நிலை மேல். பாங்க் தார்கன் தேசியப் பூங்கா 1989 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். குளிர்காலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கரையோரப் பறவைகள் அங்கே கூடுகின்றன. பூங்காவுக்குள் மீன் பிடிக்கும் உரிமை இம்ராகன் என்ற உள்ளூர் மீனவர்களுக்கு மட்டும், அதுவும் பாய்மரப் படகில் மட்டும். மோட்டார் கூடாது. 2014இல் டென்மார்க்கின் டோண்டரில் நடந்த மாநாட்டில் வாடன் கடல் நாடுகளும் இந்தப் பூங்காவும் ஒத்துழைப்புக் குறிப்பில் கையெழுத்திட்டன. ஒவ்வொரு ஜனவரியும் நார்வேயிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை அட்லாண்டிக் கரை நெடுகப் பறவை எண்ணும் பணி நடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கத் தன்னார்வலர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுப்பதில் வாடன் கடல் பணத்துக்குப் பங்குண்டு.

ஐரோப்பியப் பணம் மொரிடானியாவுக்கு இன்னொரு வழியிலும் போகிறது. பூங்காவுக்கு வெளியே உள்ள கடலில் மீன் பிடிக்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் விலைக்கு வாங்குகிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி யூரோவுக்கு மேல் போகும் இது, ஒன்றியம் வெளிநாடுகளோடு வைத்திருக்கும் மீன்பிடி ஒப்பந்தங்களிலேயே பெரியது. அந்தத் தொகையின் ஒரு பகுதி பூங்காவின் பாதுகாப்புக்கே ஒதுக்கப்பட்ட காலமும் உண்டு. பாய்மரப் படகுக்குள் அடங்கச் சொல்லி இம்ராகன் மீனவரைக் கட்டுப்படுத்தும் பூங்காவுக்கான காசில் ஒரு பங்கு, எல்லைக்கு வெளியே பெரிய ஐரோப்பியக் கப்பல்கள் கொடுத்த கட்டணம். அதே கரையில் சிறு மீன்களை அரைத்து மாவாக்கும் ஆலைகளும் பெருகியிருக்கின்றன. அந்த மாவில் கணிசமான பங்கு வெளிநாட்டு மீன் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. பறவையைச் சேர்ந்து எண்ணுவதில் வட நாடுகள் காட்டிய நேர்மையை, மீனைப் பங்கிடும் மேசையிலும் காட்டுமா என்று மொரிடானியாவின் மீனவர் கேட்டால், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் செயலகத்திடம் அதற்குப் பதில் இல்லை. மீன்பிடிப் பேரம் பிரஸ்ஸல்ஸில் நடக்கிறது, வேறு அதிகாரிகளோடு, வேறு கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு.